ராட்டினத்தடியில் வான்-யூ

தாழ்ப்பாளை இடது கையால் அழுத்திவிட்டு, வலது கையின் ஐந்து விரல்களையும் ஒட்டவைத்து, உள்ளங்கை வானம் பார்க்க, பெட்டிக்குள் உட்காரும் இடத்தைக் காட்டுகிறாள் பெங் வான்-யூ. ஒற்றை விரலை நீட்டிக் காட்டுவது இந்தப் பூங்காவில் குற்றம். அதற்கென்று தனியாக மதிப்பெண் குறைப்பார்கள். ஏறியவர்கள் உட்கார்ந்ததும் கதவைச் சாத்தி, கொக்கியை இரண்டு முறை இழுத்துப் பார்க்கிறாள். ராட்டினம் அந்தப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போவதற்குள் கண்ணாடிக்கு அருகே குனிந்து ஒரு வாக்கியம் சொல்கிறாள்.

"பத்திரமா போயிட்டு வாங்க. நான் இங்கயேதான் இருப்பேன்."

கையேட்டில் இருப்பது அது அல்ல. கையேட்டின்படி, "தங்கள் பயணம் இனிதே அமையட்டும்" என்று சொல்லி, முப்பது பாகை குனிந்து, எட்டுப் பற்கள் தெரியச் சிரிக்க வேண்டும். சிரிப்பில் வான்-யூவிடம் குறை சொல்ல முடியாது. பயிற்சி வகுப்பில் சாப்பாட்டுக் குச்சியைப் பல்லால் கவ்விக்கொண்டு கண்ணாடி முன் நிற்க வைப்பார்கள். மற்றப் பிள்ளைகளின் குச்சியில் லேசான தடம் விழும். இவளுடைய குச்சி முதல் வாரமே இரண்டாக முறிந்தது. "பசிச்சுது டீச்சர். அதுல சோயா வாசனை வேற இருந்துச்சு" என்று என்னிடம் காரணம் சொன்னாள். மிச்சத் துண்டை அவள் விழுங்கிவிட்டாள் என்று நான் பலரிடம் சொல்லியிருக்கிறேன். யாரும் இதுவரை மறுக்கவில்லை.

நாற்பது வருடம் பூகோளம் சொல்லிக்கொடுத்ததால் பூங்காவில் எல்லோருக்கும் நான் டீச்சர். மூத்தோருக்கான ஆண்டுச் சீட்டு என்னிடம் இருக்கிறது. மழையில்லாத நாட்களில் ராட்டினத்துக்கு எதிர் பெஞ்சும் என்னுடையதுதான். மியாவ்லி மலைச் சரிவில் இதைவிட நல்ல காற்று வேறெங்கும் கிடையாது. இதைவிட நல்ல வேடிக்கையும் கிடையாது.

வான்-யூவுக்கு இருபத்தொரு வயது. தாய்ச்சுங் நகரத்தில் ஒரு தொழில்நுட்பக் கல்லூரியில் விருந்தோம்பல் படிக்கிறாள். மூன்றாம் ஆண்டு முழுவதும் வெளியே எங்காவது பயிற்சி பெற வேண்டும். மாணவர்களில் பாதிப் பேர் ஹோட்டலுக்குப் போய்ப் படுக்கை விரிப்பைச் சுருக்கமில்லாமல் இழுக்கக் கற்றுக்கொள்வார்கள். இவள் ராட்டினத்தடியில் நின்று ஒரு நாளைக்கு நானூறு முறை கதவு திறக்கிறாள். வலது தோள் இடது தோளைவிட ஒரு விரல்கடை இறங்கிவிட்டது. அதைப் பற்றிக் கேட்டால், "பழம் காய்ச்ச மரம் மாதிரி இருக்கேன்ல" என்கிறாள்.

அவள் மேலங்கியின் பைகளைச் சோதனை போட்டால் ஒரு சிறு கடையே வைக்கலாம். ஒரு பையில் அவித்த முட்டை, உப்பு போட்ட முள்ளங்கி. இன்னொன்றில் எள் பிஸ்கட், மூன்று விதமான மிட்டாய். ஒரு பெட்டி இறங்கி அடுத்த பெட்டி வருவதற்குள் ஒரு சோற்று உருண்டையை முடித்துவிட்டு, எட்டுப் பல்லும் சுத்தமாகத் தெரியச் சிரிப்பாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை ராட்டினம் ஒரு முறை சுற்றி வருவதற்குள் ஏழு உருண்டை தின்றதை நானே கண்ணால் பார்த்தேன். ஆறு என்று நீங்கள் சொன்னால் சண்டைக்கு வரமாட்டேன்.

இது வெறும் பசியல்ல. கொங்குவான் ஊரில் அவள் அப்பா மளிகைக்கடை வைத்திருக்கிறார். கொசுவர்த்தி, ஊதுபத்தி, சோயா, உலர்ந்த நெத்திலி எல்லாம் விற்கும் கடை. அந்த வீட்டில் பிறந்த பிள்ளைக்கு எழுத்து கூட்டுவதற்கு முன்பே தேதி படிக்கத் தெரியும். பழைய சரக்கு முன்னால், புதுச் சரக்கு பின்னால், தேதி வாடிக்கையாளரைப் பார்த்தபடி. நாளையோ மறுநாளோ தேதி முடிகிற எதுவும் அன்றைய இரவுச் சாப்பாடு. இங்கே வந்த இரண்டாம் நாளே ஊழியர் அறைக் குளிர்பெட்டியைத் தேதிவாரியாக அடுக்கிவிட்டு, முடியப்போகும் நான்கு தயிர்க் குப்பிகளை மற்றவர்களைக் காப்பாற்றும் நோக்கத்தோடு தானே குடித்தாள். அதில் ஒன்று ஃபாங் அக்காவுடையது.

ஃபாங் அக்கா இந்தப் பகுதிக்கு மேற்பார்வையாளர். கொண்டையில் ஒரு முடிகூடப் பிசகாது. குதிகால் செருப்பின் சத்தம் கேட்டாலே பயிற்சிப் பிள்ளைகள் நிமிர்ந்து நிற்பார்கள். மாதா மாதம் மதிப்பெண் போடுவது அவர்தான். அறுபது வந்தால் தேர்ச்சி. வராவிட்டால் ஓராண்டுப் பயிற்சியை வேறிடத்தில் முதலிலிருந்து செய்ய வேண்டும்; பட்டமும் ஓராண்டு தள்ளிப்போகும். ஏப்ரல் வரை வான்-யூவின் சராசரி ஐம்பத்தெட்டு. குறைத்த இடம் ஒவ்வொரு மாதமும் ஒன்றுதான்: கையேட்டுக்கு வெளியே பேசுகிறார்.

"அந்த ஒரு வரியை விட்டுத் தொலையேன்" என்று நானும் சொல்லிப் பார்த்தேன்.

"எப்படி டீச்சர்? பெட்டி கிளம்புறப்ப எல்லாரும் என் மூஞ்சியத்தான் பாக்கறாங்க. இனிதே அமையட்டும்னு சொன்னா, ஏதோ ஊரை விட்டே அனுப்புற மாதிரி இருக்கு."

இப்போது அந்தப் பச்சைப் பொட்டலத்துக்கு வர வேண்டும். தேங்காயும் வெண்ணெயும் மணக்கும் சோளப் பொரி அது. 'சமர்த்தாக இரு' என்பதுதான் அதன் பெயர். இந்தத் தீவில் அதை இயந்திரத்தின் தலையில் வைக்காத இடம் எது? வங்கிக் கணினி, ரயில் சீட்டு இயந்திரம், ஆஸ்பத்திரிக் கருவி என்று எதுவானாலும் மேலே ஒரு பச்சைப் பொட்டலம் இருந்தால் சமர்த்தாக ஓடும். பச்சையே வேண்டும், மஞ்சளும் சிவப்பும் ஆகாது. தேதி உயிரோடு இருக்க வேண்டும். வேலையில் இருக்கும் பொட்டலத்தை யாரும் தின்னக் கூடாது. ராட்டினத்தை ஓட்டி நிறுத்தும் விசைப்பலகை அலமாரியின் மேல் இருக்கும் பொட்டலத்தை, இயந்திரங்களைப் பழுது பார்க்கும் வென் மேஸ்திரி தன் கையால்தான் வைப்பார். தேதி முடிவதற்கு முதல் நாள் தன் கையால்தான் மாற்றுவார்.

மே மாதம் ஒரு புதன்கிழமை, மதியம் விசைப்பலகை அருகே தரை கூட்டிக்கொண்டிருந்த வான்-யூவின் கண்ணில் அந்தத் தேதி பட்டது. இன்னும் இரண்டு நாள். அதற்குப் பிறகு நடந்ததை அவளே இப்படித்தான் சொல்கிறாள்: "மனசு வேண்டாம்னுச்சு. கை கேக்கல. எங்க கடையில நிக்கிறதாவே நெனச்சுக்கிச்சு." பொரியை முழுவதும் தின்று, உறையைச் சதுரமாக மடித்து மேலங்கிப் பையில் வைத்து, சாயங்காலம் புதிதாக ஒன்று வாங்கிவந்து வைத்துவிடலாம் என்று எண்ணிக்கொண்டாள்.

இரண்டு மணிக்கு அவளுடைய கல்லூரியிலிருந்து பேராசிரியர் லாய் வந்தார். பயிற்சிப் பிள்ளைகளை நேரில் பார்த்துப் படிவம் நிரப்புகிறவர். சேவையைத் தானே அனுபவித்துப் பார்க்க வேண்டும் என்பது படிவத்தின் முதல் விதி. மனிதருக்கு மூன்றாம் மாடிச் சன்னல் ஓரம் நின்றாலே உள்ளங்கை வியர்க்கும். ஆனாலும் கடமைக்காக ஏழாம் எண் பெட்டியில் ஏறினார். வான்-யூ கதவைச் சாத்தினாள், கொக்கியை இரண்டு முறை இழுத்தாள், ஃபாங் அக்கா பின்னால் நிற்பது தெரிந்தும் தன் வாக்கியத்தைச் சொன்னாள். ஏழாம் பெட்டி உச்சிக்குப் போனது. ராட்டினம் நின்றது.

வென் மேஸ்திரி ஓடிவந்து விசைப்பலகையைத் திறப்பதற்கு முன் அதன் தலையைப் பார்த்தார். காலியாக இருந்தது. அவர் முகம் போன போக்கை என்னால் எழுத முடியாது. தன் வீட்டுக் கூரையைக் காற்று கொண்டுபோனதைப் பார்க்கிறவர் அப்படி நிற்பார்.

"எடுத்தது யாரு?"

எலி என்று சொல்லியிருக்கலாம். குரங்கு என்றால் இந்த மலையில் யாரும் சந்தேகப்படவும் மாட்டார்கள். பெஞ்சிலிருந்து நான் கையால் குரங்கு போலச் சொறிந்து காட்டிக்கூடப் பார்த்தேன். வான்-யூ மடித்த உறையை எடுத்து இரண்டு கையாலும் நீட்டினாள்.

"நான்தான் மேஸ்திரி. தின்னுட்டேன்."

மேஸ்திரி பலகையைத் திறந்து உள்ளே கம்பிகளைச் சுரண்டத் தொடங்கினார். ஆனால் புதுப் பொட்டலம் வராமல் விசையை அழுத்தமாட்டேன் என்று சொல்லிவிட்டார். பக்கத்து ஐஸ்கிரீம் வண்டியிலிருந்து ஒருவர் மஞ்சள் பொட்டலம் கொண்டுவந்தார். மேஸ்திரி அதைப் பாம்பைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். பச்சை வேண்டுமானால் சரிவிறங்கி, பெரிய வாசலைத் தாண்டி, சாலைக்கு அந்தப்பக்கக் கடைக்குத்தான் போக வேண்டும்.

ஃபாங் அக்காவின் குரல் உயரவே இல்லை. "நீ ஆபீசுக்குப் போ. நடந்ததை எழுதி வை. அப்படியே கடையில இருந்து ஒண்ணு வாங்கிட்டு வரச்சொல்லி யாரையாச்சும் அனுப்பு. இனிமே இங்க நிக்காத."

"போக மாட்டேன் அக்கா."

"என்ன?"

"பதினொரு பெட்டியிலயும் ஆள் இருக்காங்க. எல்லாருக்கும் இங்கயே இருப்பேன்னு சொல்லித்தான் அனுப்பியிருக்கேன். அவங்க எறங்கட்டும். அப்புறம் எங்க போகச் சொன்னாலும் போறேன்."

ஃபாங் அக்கா அவளைப் பார்த்தார். மேலே பார்த்தார். ஏழாம் பெட்டிக் கண்ணாடியில் பேராசிரியரின் இரண்டு உள்ளங்கைகளும் ஒட்டியிருந்தன. பிறகு அக்கா குதிகால் செருப்பைக் கழற்றி என் பெஞ்சுக்கடியில் வைத்துவிட்டு, காலுறையோடு சரிவில் ஓடினார். அவர் ஓடி அதற்கு முன் நான் பார்த்ததில்லை. கொண்டை இரண்டாவது வளைவிலேயே அவிழ்ந்துவிட்டது.

வான்-யூ ஒலிவாங்கியை எடுத்தாள். பெட்டிகள் எல்லாவற்றிலும் ஒலிபெருக்கி உண்டு. ஒரு பொத்தானை அழுத்தினால் மேலே இருப்பவர்களும் பேசலாம். இயந்திரம் நின்றிருக்கிறது, ஆபத்தில்லை, கதவைத் திறக்க வேண்டாம் என்று கையேட்டில் உள்ளதை ஒரு எழுத்து பிசகாமல் முதலில் சொன்னாள். அப்புறம் கையேடு தீர்ந்துபோயிற்று.

"இன்னொண்ணும் சொல்லணும். மெஷின் மேல இருந்த பச்சைப் பொட்டலத்தை நான்தான் மத்தியானம் தின்னுட்டேன். மன்னிச்சிருங்க."

நான்காம் பெட்டியில் இருந்த ஒரு கிழவியின் குரல்தான் முதலில் வந்தது. "பச்சையையா தின்னே? ஏண்டி, உங்க வீட்ல சோறு போடல?"

"போட்டாங்க பாட்டி. அதையும் தின்னுட்டுத்தான் வந்தேன்."

மூன்றாம் பெட்டியில் யாரோ சிரித்தார்கள். ஒன்பதாம் பெட்டியிலிருந்து ஒரு பையன் தன் பையில் சிவப்பு இருக்கிறது, கீழே போடட்டுமா என்று கேட்டான். எல்லாப் பெட்டிகளும் ஒரே குரலில் வேண்டாம் என்றன. கடைசியாக ஏழாம் பெட்டியில் பொத்தான் அழுந்தியது. பேராசிரியர் லாயின் குரல் நூல்போல வந்தது.

"வான்-யூ. தேதி முடிஞ்சிருந்துச்சா?"

"இல்ல சார். இன்னும் ரெண்டு நாள் இருந்துச்சு."

"அப்ப சரி" என்றார். பொத்தானை விடாமலே, "நீ அங்கதான இருக்க?" என்று கேட்டார்.

"இங்கயேதான் சார் இருக்கேன். கீழ பாக்காதீங்க. வலது பக்கம் பாருங்க. தூரத்துல நீலக் கூரை தெரியுதா? அதுதான் எங்க கடை. வாசல்ல எங்கப்பா உக்காந்து நெத்திலி காயவெச்சிட்டிருப்பாரு. வெளிய எத்தனை தட்டு இருக்குன்னு எண்ணிச் சொல்லுங்க."

அங்கிருந்து கொங்குவான் தெரியாது. நடுவில் ஒரு மலை இருக்கிறது. பூகோள ஆசிரியை சொல்கிறேன். ஆனால் பேராசிரியர் ஆறு தட்டு என்று எண்ணிச் சொன்னார். கிழவி ஏழு என்றார். அதற்குப் பிறகு பதினொரு பெட்டிகளும் நெத்திலித் தட்டுகளைப் பற்றி நாற்பது நிமிடம் வாக்குவாதம் செய்தன. வான்-யூ அவ்வளவு நேரமும் ஒரு கையில் ஒலிவாங்கியோடு, மேலிருந்து பார்த்தால் தெரிகிற இடத்தில், வெயிலில் நின்றாள். பையிலிருந்து எதையும் எடுத்துத் தின்னவில்லை.

ஃபாங் அக்கா வியர்த்து வழிய வந்து சேர்ந்தபோது கையில் இரண்டு பச்சைப் பொட்டலங்கள் இருந்தன. ஒன்றை மேஸ்திரியிடம் கொடுத்தார். இன்னொன்றை வான்-யூவின் பைக்குள் திணித்தார். "அது வேலை செய்யறதுக்கு. இது திங்கறதுக்கு. மறுபடியும் குழப்பிக்காத."

மேஸ்திரி புதுப் பொட்டலத்தை நேராக நிறுத்தி, கைகூப்பி, விசையை அழுத்தினார். ராட்டினம் நகர்ந்தது. அதற்கு முந்தைய நொடிவரை அவர் கம்பி சுரண்டியதை யாரும் கணக்கில் சேர்க்கவில்லை. நானும் சேர்க்கவில்லை.

ஏழாம் பெட்டி கீழே வந்ததும் வான்-யூ ஐந்து விரல்களையும் சேர்த்து வழிகாட்டினாள். பேராசிரியர் லாய் அந்தக் கையையே பிடித்துக்கொண்டு இறங்கினார். கால் தரையில் ஊன்றிய பிறகும் சற்று நேரம் விடவில்லை.

மே மாதப் படிவத்தை நான் திருட்டுத்தனமாகப் பார்த்தேன். மாதக் கடைசியில் ஒரு நாள் ஃபாங் அக்கா செருப்பு வாரைச் சரிசெய்யக் குனிந்தபோது அதைப் பெஞ்சில் வைத்தது அவர் தவறு. 'கையேட்டின்படி பேசுதல்' என்ற வரிக்கு நேரே பூஜ்யம். பேராசிரியர் போட்ட மதிப்பெண்ணும் சேர்ந்து சராசரி அறுபத்தொன்று. குறிப்புக்கான கட்டத்தில் ஃபாங் அக்காவின் நேர்த்தியான கையெழுத்தில் ஒரு வரி: நாற்பது நிமிடமும் இங்கேயே இருந்தார்.

ஜூன் முடிய வான்-யூ இங்கேதான் இருப்பாள். இன்றும் மதியம் விசைப்பலகை அருகே தரை கூட்டப் போனாள். கூட்டுவதற்கு முன் பொட்டலத்தை இரண்டு விரலால் தொட்டு, தேதி சுவரைப் பார்க்கும்படி மெதுவாகத் திருப்பி வைத்தாள்.