ஆரதாவில் நின்ற கால்கள்

என் மச்சான் சாம் கழிவுநீர்த் தொட்டிக்குள் மயங்கி விழுந்தபோது நான் ஜெபிக்கவில்லை. குதிக்கவும் இல்லை. இந்த இரண்டையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முழங்காலில் நின்றேன், உடனே அற்புதம் நடந்தது என்று சொல்ல எனக்கு வாய் வராது.

நாங்கள் எளாவூர் பக்கம் இருக்கிறோம். கும்மிடிப்பூண்டியில் ஒரு கம்பெனியில் பதினொரு வருஷமாக ஃபிட்டராக இருக்கிறேன். சாம் என் மனைவி ரூத்தின் ஒரே தம்பி. நான் பார்த்துக்கொள்கிறேன் என்று மாமியாரிடம் வாக்குக் கொடுத்து, நான்தான் அவனை அங்கே சேர்த்துவிட்டேன்.

எங்கள் சபையில் ஞாயிறுதோறும் ஒருவர் முறைவைத்து வேதபாடம் வாசிப்போம். அந்த வாரம் என் முறை. எனக்கு வந்து வாய்த்ததோ, இஸ்ரவேல் ஜனங்கள் வனாந்தரத்தில் தங்கின இடங்களின் பட்டியல். நாற்பது சொச்சம் ஊர்கள், எல்லாம் பல்லை உடைக்கிற பெயர்கள். சபை நடுவே திக்கி மானம் போகக்கூடாதே என்று, பக்கத்தை போனில் படம் எடுத்துக் கம்பெனி வேனில் மனப்பாடம் செய்தேன். ரீசா, கேலத்தா, சாப்பேர் மலை, ஆரதா. ஆரதா வந்ததும் தினமும் நாக்கு நின்றுவிடும். அங்கே என்னதான் நடந்தது என்று பார்த்தால் ஒன்றும் இல்லை. தங்கினார்கள், கிளம்பினார்கள், அவ்வளவுதான். ரூத் தன் வேதாகமத்தின் கடைசிப் பக்கங்களைப் புரட்டிப் பார்த்து, அந்தப் பெயருக்கு நடுக்கம் என்று அர்த்தம் என்றாள்.

சாமுக்கு ஒரே சிரிப்பு. "இன்னா மாமா, பஸ் ரூட்டா? எந்த ஸ்டாப்புல எறங்கப் போற?" என்று வேனில் எல்லார் முன்னாலும் கலாய்ப்பான்.

செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணி. முந்தின நாள் காலி செய்த தொட்டி, அடியில் தங்கின சேற்றை வார வேண்டும். உள்ளே இறங்குகிறவன் உடம்பில் கயிறு கட்ட வேண்டும் என்பது சட்டம். நாங்கள் அதைப் போட்டோவுக்குத்தான் கட்டுவோம். படம் எடுத்து சூப்பர்வைசருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு, வேலைக்கு இடைஞ்சல் என்று அவிழ்த்துப் போட்டுவிடுவோம். பல வருஷம் அப்படித்தான் செய்தோம்.

அன்றைக்குப் படம் போகவில்லை. சிக்னல் இல்லாமல் சுற்றிக்கொண்டே இருந்தது. முதலில் படம் போகட்டும், அப்புறம் கயிற்றை அவிழ்க்கலாம் என்றேன். சாமுக்கு ஏது பொறுமை? கயிற்றோடே ஏணியில் இறங்கிவிட்டான். மறுமுனை என் கையில் இருந்தது.

"மாமா, தலை ஒரு மாதிரியா..." என்றான். அப்படியே மடிந்து விழுந்தான்.

பிரியமானவர்களே, அந்த இடத்தில் யாராக இருந்தாலும் குதிப்பார்கள். நானும் குதிக்கத்தான் நினைத்தேன். கால் வரவில்லை. என் கால்தானா என்று எனக்கே தெரியவில்லை. கை மட்டும் கயிற்றை இறுக்கிக்கொண்டது. ஆண்டவரே, என் காலை அசையப் பண்ணும் என்று கேட்கக்கூட வார்த்தை இல்லை. வாயில் வந்ததெல்லாம் அந்தப் பட்டியல்தான். ரீசா. கேலத்தா. சாப்பேர் மலை. ஆரதா. ஆரதா. ஆரதா.

தொண்டை கிழியக் கத்தினேனாம். அந்தச் சத்தத்துக்குத்தான் பாய்லர் பக்கமிருந்து நாலு பேர் ஓடிவந்தார்கள். அதில் ஒருவர் உடனே இறங்கப் போனார். நான் ஏணியை மறைத்துக்கொண்டு மரம் மாதிரி நின்றதால் முடியவில்லை. என்னைக் கெட்ட வார்த்தையில் திட்டினார். அப்புறம்தான் என் கையில் இருந்த கயிற்றைப் பார்த்தார். ஐந்து பேரும் சேர்ந்து இழுத்தோம். மேலே வந்த சாமின் உதடு நீலம் பாரித்திருந்தது.

ஆஸ்பத்திரியில் ரூத் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "அவன் உழுந்தத பாத்துக்கினு நீ மேலயே நின்னியா?" ஆமாம் என்றேன். அதற்குப் பிறகு அவள் என்னோடு பேசவில்லை. வராந்தாவில் உட்கார்ந்திருந்தேன். கடவுளிடம் கூடப் பேச வெட்கமாக இருந்தது.

மறுநாள் கம்பெனியின் பாதுகாப்பு அதிகாரி வந்தார். தொட்டியில் விஷவாயு இருந்ததாம், சோதித்துப் பார்த்தார்களாம். "நீ எறங்கியிருந்தா ரெண்டு பொணம். உனக்குப் பின்னாடி அந்த ஓடிவந்தவரும் எறங்கியிருந்தா மூணு. கயிறு இருந்துச்சு, நீ வுடல. அதனாலதான் உன் மச்சான் உள்ள உயிரோட படுத்துக்கினு இருக்கான்" என்றார்.

கால் அசையட்டும் என்று நான் ஏங்கினேன். அசையாமல் பிடித்து வைத்தவர் ஆண்டவர். நான் வாய் திறக்கும் முன்பே, போகாத ஒரு போட்டோவை வைத்துக் கயிற்றையும் அவிழாமல் காப்பாற்றி வைத்திருக்கிறார். பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்த ரூத் தரையில் உட்கார்ந்து, என் முழங்காலைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

மூன்றாம் நாள் சாம் கண் விழித்தான். குரல் கரகரவென்று இருந்தது. "ஒரே ஸ்டாப்பையே கத்திக்கினு இருந்தியே மாமா. அடுத்தது இன்னா?" மயக்கத்திலும் கேட்டிருக்கிறான் படுபாவி. எனக்கு அப்போதும் அடுத்த பெயர் வரவில்லை.

என் வாசிப்பைச் சபையார் தள்ளி வைத்தார்கள். ஒரு மாதம் கழித்து வாசித்தேன். ஆரதா வந்ததும் மறுபடி நாக்கு நின்றுவிட்டது. சபை முழுவதும் காத்திருந்தது. கடைசி வரிசையிலிருந்து சாம் எழுந்து, "மக்கெலோத்து, மாமா" என்றான். ஜனங்கள் கூடுகிற இடம் என்று அதற்கு அர்த்தமாம். ஓடிவந்த அந்த நாலு பேரின் முகம் எனக்கு ஞாபகம் வந்தது.

இப்போது எங்கள் ஷிப்டில் காற்றைச் சோதிக்காமல் யாரையும் இறங்க விடமாட்டேன். இறங்குகிறவன் வெளியே வரும்வரை கயிறு அவிழாது. கயிறு மாமா என்று பெயர் வைத்திருக்கிறார்கள், வைக்கட்டும்.

உங்களில் யாராவது இன்று நடுக்கத்தில் நின்றுகொண்டிருக்கலாம். ஜெபிக்க வார்த்தை வரவில்லையே, கால் எழவில்லையே என்று வெட்கப்படாதீர்கள். ஒன்றும் நடக்காத அந்த ஊரையும் அவர் மறக்காமல் எழுதி வைத்திருக்கிறார். அங்கிருந்து ஜனங்கள் புறப்பட்டதையும் எழுதி வைத்திருக்கிறார். அவரை நம்பி நில்லுங்கள். கையில் இருக்கிற கயிற்றை மட்டும் விட்டுவிடாதீர்கள்.