தானாய் முளைத்த வெள்ளரி

மனு எழுதி எழுதி என் கையெழுத்து அழகானதுதான் மிச்சம். அணைக்கரையில் அம்மாவுக்குக் கொஞ்சம் இடம் விடுங்கள் என்று எந்த அலுவலகத்தில் கேட்டாலும் ஒரு பழைய பதிவை எடுத்துக் காட்டுகிறார்கள். அதில் இருப்பது நான் நான்காம் வகுப்பில் படிக்கும்போது சொன்ன பதில்.

கல்வராயன் மலைக்குக் கீழே இருக்கிறது எங்கள் அணை. மாசியில் தண்ணீர் வற்ற வற்றக் கரையோரம் வண்டல் வெளியே தெரியும். சொந்தமாக ஒரு சாண் நிலம் இல்லாத எங்களைப் போன்றவர்கள் அந்த ஈரத்தில் வெள்ளரி விதை ஊன்றுவோம். உழவு வேண்டாம், உரம் வேண்டாம். நிலம் அரசாங்கத்துடையது என்பதால் பயம் மட்டும் நிறைய வேண்டும். ஜீப் சத்தம் கேட்டதும் பெண்கள் கொடிகள்மேல் முள்ளைப் போட்டு மூடிவிட்டு, ஆடு மேய்க்க வந்தவர்கள்போல் நடக்கத் தொடங்குவார்கள். அம்மா இதில் தேர்ந்தவள். ஆடே இல்லாமல் ஆடு மேய்ப்பாள்.

அந்த வருடம் வந்த ஜீப்பிலிருந்து வரைபடத்தோடு ஓர் இளம்பெண் அதிகாரி இறங்கினார். பள்ளிக்கூடம் போகிறவள் நன்றாகப் பேசுவாள் என்று அம்மா என்னை முன்னே தள்ளினாள்.

"யாரும் ஒண்ணும் வெக்கறதில்ல, சும்மாதான் கெடக்குதுன்னு சொல்லு. உளறுன, வூட்டுக்கு வா, பாத்துக்கறேன்."

அணையைச் சுற்றி எந்த இடம் எதற்கு என்று இருபது வருடத்துக்குத் திட்டம் எழுதப்போவதாக அதிகாரி சொன்னார். "இங்கே யாரு பயிர் வைக்கிறாங்க?"

"யாரும் இல்லீங்க. சும்மாதான் கெடக்குதுங்க."

முள்ளுக்கு வெளியே நீண்டிருந்த கொடியைப் பேனாவால் காட்டினார். "அப்போ இது?"

"அது தானா மொளைச்சுதுங்க. மாடு தின்னுட்டுப் போட்ட வெதை."

மாடு எப்படி வரிசையாகப் போட்டது என்று அவர் கேட்கவில்லை. சிரித்தார். பிறகு குனிந்து, "நல்லா யோசிச்சுச் சொல்லு பாப்பா. யாராவது இருந்தா பேரைச் சொல்லு, எழுதிக்கிறேன்" என்றார்.

பேர் எழுதுவது பிடித்துக்கொண்டு போகத்தான் என்று நினைத்தேன். தூரத்தில் இல்லாத ஆட்டை விரட்டிக்கொண்டிருந்த அம்மாவைப் பார்த்தேன். சத்தியமாக யாரும் இல்லை என்றேன். அவர் அப்படியே எழுதிக்கொண்டார்.

அன்று அம்மா என்னைத் தூக்கிக்கொண்டு தெருவெல்லாம் சுற்றினாள். "எம்பொண்ணு எப்பிடி பயப்படாம பேசிக்கினு நின்னா பாத்தீங்களா!"

இரண்டு வருடத்தில் கம்பிவேலி வந்தது. பயன்பாட்டில் இல்லாத நிலம், பூங்காவுக்கு ஒதுக்கப்பட்டது என்று பலகை வைத்தார்கள். பக்கத்து ஊரில் அதே அதிகாரியிடம் துணிந்து பேர் கொடுத்தவர்களுக்குத் தண்ணீர் வற்றும் மாதங்களில் பயிர் வைக்க அனுமதி கிடைத்தது. அம்மா கரும்பு வெட்டப் போனாள். அவள் இடுப்பு போனது அதில்தான். ஒருநாளும் அவள் என்னைத் திட்டியதில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

பிடிக்க வருகிறவர்கள் யாரும் மூன்று முறை கேட்க மாட்டார்கள். அந்த அதிகாரி கேட்டுக் கேட்டு நின்றது அம்மாவின் பேரை எழுதிக்கொள்ளத்தான் என்பது அன்று எனக்குத் தெரியவில்லை.