எட்டில் ஒன்றா, பதின்மூன்றில் ஒன்றா?

கணக்கு வாத்தியாருக்கு ஊரில் கொஞ்சம் மரியாதை உண்டு. புள்ளியியல் வாத்தியாருக்கு அதுவும் கிடையாது, ஏனென்றால் ‘அநேகமாக’ என்று ஆரம்பிக்கிற விடையை யாரும் விடையாகவே மதிப்பதில்லை.

இந்தத் தொழிலில் மாட்டிக்கொண்டு முழிக்கும் சக அவஸ்தைக்காரர்களே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரியை விட்டுப் போன புதிது. விழுப்புரத்துக்காரியான நான் இங்கே ஒரு பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சர். அலுவலகங்களுக்கெல்லாம் ஆங்கிலம் வந்துவிட்டது. ஓர் அலுவலகத்தில், பழைய குமாஸ்தாக்கள் ஆங்கிலத்தில் புள்ளியியல் பரீட்சை எழுதித் தேறினால்தான் நாற்காலி நிலைக்கும் என்று உத்தரவு போட்டுவிட்டார்கள். பள்ளிக்கூடம் விட்டதும் அவர்களுக்கு நான் வகுப்பெடுத்தேன். அத்தனை பேரும் என்னைவிட மூத்தவர்கள். மூன்றாம் வகுப்புப் பெஞ்சில் முட்டியை மடக்கி உட்கார்ந்திருப்பார்கள்.

அவர்களில் ஒருவர் அந்துவான். பிரெஞ்சில் படித்து, பிரெஞ்சிலேயே இருபது வருஷம் கோப்பு எழுதியவர். முந்தைய பரீட்சையில் தோற்றிருந்தார். இன்னொரு முறை தோற்றால் வேலை போய்விடும். பிரான்சில் இருக்கும் தம்பியிடம் போய்விடலாம் என்று மனைவி நச்சரித்துக்கொண்டிருந்தார். அந்துவானுக்கோ இந்த ஊரை விட்டுப் போக மனசே இல்லை. இவரைத் தேறவைக்காவிட்டால் நான் டீச்சரே இல்லை என்று முதல் வாரமே முடிவுகட்டிவிட்டேன். எனக்குப் பிடிவாதம் ஜாஸ்தி.

பொத்தான் டப்பா

பாடப் புத்தகத்தைத் திறந்தால் முதல் கணக்கே பகடை. அடுத்தது சீட்டுக்கட்டு. மூன்றாம் நாள், கபூர் என்ற குமாஸ்தாவின் அத்தா வகுப்பு வாசலில் வந்து நின்றார். தையல்கடைக்காரர், கழுத்தில் அளவு நாடா தொங்கியபடியே வந்திருந்தார். ‘‘எம் புள்ளைக்குச் சூதாட்டம் சொல்லிக் குடுக்குறீங்களாமே?’’ என்றார். இது கணக்குதான், ஆட்டம் இல்லை என்று மூச்சு முட்ட விளக்கினேன். அவர் அசையவில்லை. முன்பெஞ்சில் இருந்த பக்திமான்கள் இரண்டு பேரும் அவர் கட்சியில் சேர்ந்துகொண்டார்கள்.

சரி, பகடையும் வேண்டாம், சீட்டும் வேண்டாம் என்று இரண்டையும் பாடத்திலிருந்தே தூக்கிவிட்டேன். ‘‘உங்க கடைப் பொத்தானைக் குடுங்க, அதை வச்சே எல்லாக் கணக்கையும் நடத்துறேன்’’ என்றேன். மறுநாளே சிவப்பும் வெள்ளையுமாக ஒரு டப்பா பொத்தான் வந்தது. கண்ணை மூடி ஒன்றை எடுத்தால் சிவப்பாக இருக்க என்ன வாய்ப்பு என்று வகுப்பு ஜோராகப் போயிற்று. எடுத்ததைத் திருப்பிப் போட்டால் ஒரு விடை, போடாவிட்டால் வேறு விடை. இந்தப் பாடத்தில் எல்லோரும் குழம்புகிற இடம் அதுதான். அதையும் டப்பா கொடுத்தவரே வாசலில் நின்று தீர்த்துவைத்தார்: ‘‘பொத்தான்னா எனக்கு ஆட்சேபணை இல்ல டீச்சரம்மா. ஆனா எடுத்தவன் எடுத்ததைத் திருப்பி டப்பாவுலயே போட்டுடணும்.’’

ஐம்பதுக்கு ஐம்பது

வீட்டில் ஒரு காசை நூறு தடவை சுண்டிப் பூ எத்தனை, தலை எத்தனை என்று எழுதிவரச் சொன்னேன். மறுநாள் பார்த்தால் வகுப்பு முழுக்க ஐம்பது பூ, ஐம்பது தலை. ஒருவர்கூட காசைத் தொடவில்லை என்பது பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிட்டது. உண்மையான காசு அத்தனை பேர் வீட்டிலும் இவ்வளவு ஒழுங்காக விழாது. போலீஸ்காரரைப் போல ஒவ்வொருவராக நிற்கவைத்து விசாரித்தேன். வைத்திக்குப்பத்து செல்வராசு, ‘‘நியாயமா இருக்கட்டுமேன்னு பாதிப் பாதியா எழுதிட்டோம் டீச்சரம்மா’’ என்று ஒப்புக்கொண்டார்.

அந்துவான் மட்டும் தலையைக் குனிந்துகொண்டிருந்தார். அவர் தாளில் பூ அறுபத்தொன்று. ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் மனைவி எண்ண, அவர் சுண்டியிருக்கிறார். வகுப்பிலேயே உண்மையாகச் செய்தவர் அவர் ஒருவர்தான். எனக்கு அப்படியொரு சந்தோஷம்! கைதட்டச் சொல்லலாம் என்று நான் வாயைத் திறப்பதற்குள் அவர் எழுந்து சொன்னார்: ‘‘பர்தோன், மன்னிச்சுடுங்க மதாம். காசுல ஏதோ கோளாறு. நாளைக்கு வேற காசு கொண்டாறேன்.’’

நாலாவது பிரசவம்

ஆணா பெண்ணா என்ற கணக்கு வந்தபோது செல்வராசு பரபரப்பானார். வீட்டில் மூன்று பெண்கள்; நாலாவதுக்கு மனைவி நிறைமாதம். ‘‘மூணு தடவை பொண்ணு பொறந்தாச்சு. இனிமே பையன் வர வாய்ப்பு அதிகம்தானே?’’ என்றார். இல்லை, இப்போதும் பாதிக்குப் பாதிதான், முன்னால் நடந்தது இந்தப் பிறப்பைத் தொடாது என்றேன். மூன்று முறை ஏமாந்தவனுக்கும் புதுமாப்பிள்ளைக்கும் ஒரே வாய்ப்பா, இது எந்த ஊர் நியாயம் என்று அரைமணி நேரம் சண்டை போட்டார். நானும் விடவில்லை.

இரண்டு வாரம் கழித்து இனிப்புப் பொட்டலத்தோடு வந்தார். முகத்தில் வருத்தம் துளிகூட இல்லை. அந்த வகைக் கணக்கில் அதற்குப் பிறகு அவர் தப்பே செய்ததில்லை என்பதை இங்கே பெருமையாகச் சொல்லிக்கொள்கிறேன். பொட்டலத்தை நீட்டியபடி அவர் சொன்னது: ‘‘பாதிக்குப் பாதின்னு நீங்க சொன்னது சரிதான் டீச்சரம்மா. எனக்குத்தான் எப்பவும் அந்த ஒரே பாதி வருது.’’

எட்டில் ஒன்று

பரீட்சை முடிந்து முடிவும் வந்தது. கபூர் தேறினார், செல்வராசு தேறினார், பெஞ்சில் இருந்த எல்லோரும் தேறினார்கள். அந்துவான் மட்டும் மூன்று மார்க்கில் போய்விட்டார். எங்கே போயிற்று மார்க் என்று கேள்வித்தாளை வைத்துக்கொண்டு அவரைக் குடைந்தேன். ஐந்து மார்க் கேள்வி ஒன்று: ‘ஒரு சீட்டுக்கட்டிலிருந்து ஒரு சீட்டை எடுத்தால் அது ஆஸ் ஆக இருக்க வாய்ப்பு என்ன?’ மற்றவர்களெல்லாம் பதின்மூன்றில் ஒன்று என்று எழுதியிருந்தார்கள். இவர் எட்டில் ஒன்று என்று எழுதியிருக்கிறார்.

‘‘ஐம்பத்திரண்டு சீட்டில் நாலு ஆஸ், எப்படி எட்டில் ஒன்று வரும்?’’ என்று கத்தினேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அவர் வீட்டில் பெலோத் ஆடுவார்களாம். அது பிரெஞ்சுக்காரர்களின் ஆட்டம். அந்தக் கட்டில் இரண்டு முதல் ஆறு வரை சீட்டே கிடையாது. மொத்தம் முப்பத்திரண்டு, அதில் நாலு ஆஸ். போட்டுப் பார்த்தேன், எட்டில் ஒன்றுதான். மனிதர் தப்பே செய்யவில்லை! சட்டைப் பையிலிருந்து கட்டை எடுத்து என் மேஜையில் வைத்துவிட்டுக் கேட்டார்: ‘‘சீட்டுக்கட்டுல அம்பத்திரண்டு சீட்டு எதுக்கு மதாம்? கையில எப்படிப் புடிக்கிறது?’’

கடைக்காரர் கேட்ட கேள்வி

மறுநாள் அவரை இழுத்துக்கொண்டு அலுவலகத்துக்குப் போனேன். ‘‘மூணு மார்க்குக்காகக் கையேந்தணுமா மதாம், விட்டுடுங்க’’ என்று வழியெல்லாம் கெஞ்சினார். ‘‘கையேந்தப் போகலை, சண்டை போடப் போறோம்’’ என்றேன். கேள்வித்தாள் தயாரித்தவர் சென்னையிலிருந்து வந்த அதிகாரி. சீட்டுக்கட்டு என்றால் ஐம்பத்திரண்டு என்று சின்னக் குழந்தைக்கும் தெரியும் என்றார். ‘‘எந்த ஊர்க் குழந்தைக்கு சார்?’’ என்று கேட்டுவிட்டு அந்துவானின் கட்டை அவர்முன் வைத்தேன். அவர் எண்ணிப் பார்த்துவிட்டு, மீதி இருபது சீட்டும் தொலைந்துபோயிருக்கும் என்றார். அதுவரை வாயைத் திறக்காத அந்துவானுக்குச் சுருக்கென்றது. ‘‘தொலையல சார். எங்கப்பா காலத்துலேர்ந்து கட்டுன்னா இவ்ளோதான்’’ என்றார்.

உங்கள் வீட்டுப் பழக்கத்துக்கெல்லாம் மார்க் போட முடியாது என்று அதிகாரி கோப்பை மூடினார். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. ‘‘பியூனை அனுப்பி, பெரிய மார்க்கெட்டுப் பக்கம் ஒரு சீட்டுக்கட்டு வாங்கிவரச் சொல்லுங்க. எத்தனை சீட்டுன்னு மட்டும் சொல்லக் கூடாது. அம்பத்திரண்டு வந்தா நாங்க பேசாம எழுந்து போயிடறோம்’’ என்றேன். அவருக்கு வேடிக்கையாக இருந்ததோ என்னவோ, சம்மதித்தார். பியூன் போன பிறகு அந்துவான் என் காதில், ‘‘கடையில ரெண்டு கட்டும் இருக்குமே மதாம்’’ என்றார். பகடையைக்கூடப் பாடத்திலிருந்து விரட்டிய நான், ஒரு மனுஷனின் பிழைப்பை வைத்துச் சூதாடிக்கொண்டிருந்தேன்.

பியூன் வெறுங்கையோடு திரும்பி வந்தார். ‘‘சார், சீட்டுக்கட்டு குடுன்னா, எந்தக் கட்டுன்னு கடைக்காரரு கேக்குறாரு. முப்பத்திரண்டா, அம்பத்திரண்டா?’’

அதிகாரி பியூனைப் பார்த்தார், கேள்வித்தாளைப் பார்த்தார், பிறகு விழுந்து விழுந்து சிரித்தார். பேனாவைத் திறந்து ஐந்துக்கு ஐந்து போட்டார். நல்ல மனிதர், தோற்றதை மறைக்கவில்லை. எனக்குக் கால் தரையில் படவில்லை. படியிறங்கும்போது அந்துவான் கண்ணைத் துடைத்துக்கொண்டார்; நானும்தான். வாசலுக்கு வந்ததும் சொன்னார்: ‘‘எங்களோட ஆடுனவரு ஒருத்தரு போன மாசம் கப்பலேறிட்டாரு. நான் இனிமே எங்கயும் போகப் போறதில்ல. ஞாயித்துக்கெழமை வந்துடுங்க மதாம், நாலாவது கை இல்லாம ஆட்டம் நிக்குது.’’

போனேன், ஆடினேன், அன்றைக்கு ஆடிய அத்தனை ஆட்டத்திலும் தோற்றேன். வாய்ப்புக் கணக்கு சொல்லிக்கொடுப்பவளுக்கு நல்ல சீட்டு வர வாய்ப்பு எவ்வளவு என்று மட்டும் எந்தப் புத்தகத்திலும் போடவில்லை.