எத்தனை கட்டை

அச்சாபீஸில் ஒரு வரி விட்டுப்போனால் ஒரு குடும்பம் எத்தனை காலம் பேசாமல் இருக்கும் என்பதை எங்கள் வீட்டில்தான் பார்க்க வேண்டும். அத்தை மகள் முதன்முதல் நற்கருணை வாங்கிய புதுநன்மை விழாப் பத்திரிகையில் தாய்மாமன் என்று அப்பாவின் பெயர் வரவில்லை. அச்சடித்தவர் தவறு என்று அத்தை சொல்லியனுப்பினாள். "படிச்சுப் பாக்காமலா ஊருக்கெல்லாம் குடுத்துது?" என்றார் அப்பா. அவ்வளவுதான். அதற்குப் பிறகு பாகூர் கடைத்தெருவில் எதிரெதிரே வந்தால்கூட, அண்ணனுக்கும் தங்கைக்கும் வானத்தில் பார்க்க ஏதாவது இருக்கும்.

அத்தை எங்கள் மாதா கோவிலில் ஆர்கன் வாசிப்பவள். ஆர்கன் என்றதும் பெரிய பெரிய குழாய்களை நினைத்துவிடாதீர்கள். கீபோர்டைத்தான் எங்கள் ஊரில் அப்படிச் சொல்வோம். அப்பாவுக்குப் புல்லாங்குழல். அத்தையின் கல்யாணத்துக்கு முன்னால் இருவரும் சேர்ந்து வாசித்தால், கரும்பு வெட்டிவிட்டுப் போகிறவர்கள் கோவில் வாசலில் நின்று கேட்டுவிட்டுத்தான் போவார்களாம். பத்திரிகைச் சண்டையோடு குழல் பரணில் ஏறிவிட்டது.

அந்த வருடத் திருவிழாவில் பங்குச் சாமியாருக்கு ஒரு யோசனை வந்தது. தேர் பவனிக்கு முந்தின சாயங்காலம் பாட்டே வேண்டாம், ஆர்கனும் குழலும் மட்டும் போதும் என்றார். அவர் ஊருக்குப் புதிது. யார் யாரோடு பேசுவதில்லை என்ற பாடத்தை அவருக்கு இன்னும் யாரும் நடத்தவில்லை. சாமியார் கேட்டு எப்படி மறுப்பது? இருவரும் தலையாட்டிவிட்டார்கள்.

ஒத்திகையன்று பீடத்துக்கு இந்தப் பக்கம் அத்தை, அந்தப் பக்கம் அப்பா, நடுவில் நான். குழல் எத்தனை கட்டையோ அந்தச் சுருதிக்கு ஆர்கனில் பட்டனை அமுக்கி வைக்க வேண்டும். அதனால் அத்தை என்னைப் பார்த்துச் சொன்னாள்:

"பாப்பா, உங்கப்பா கொழலு எத்தன கட்டைன்னு கேட்டுகினு வா."

அப்பா காதில் விழாமலா இருக்கும்? ஆனாலும் விழாத முகத்தோடு நின்றார். நான் போய்க் கேட்டேன்.

"ரெண்டரைன்னு சொல்லு."

சொன்னேன். அத்தை எந்தப் பட்டனையும் தொடாமலே "சரி" என்றாள்.

வீட்டில் இதைச் சொன்னதும் அம்மா சிரித்தாள். "அந்த மனுசங்கிட்ட கீறதே ஒரே கொழலு. வாங்கிக் குடுத்ததே உங்க அத்ததான். இன்னா கேள்வி இது?"

மறுநாள் சாயங்காலம் கோவில் நிறைய ஜனம். மாரியம்மன் கோவில் தெருக்காரர்களும் வந்திருந்தார்கள். ஆரம்பிக்கும் முன் அத்தை மறுபடியும் கேட்டாள், எத்தனை கட்டையென்று. மறுபடியும் போனேன், அதே ரெண்டரையோடு வந்தேன். எரிச்சலாக இருந்தது.

பிறகு வாசித்தார்கள். அதை எப்படிச் சொல்ல? குழல் முன்னால் போக, ஆர்கன் பின்னாலேயே நடந்தது, திருவிழாவில் கூட்டத்துக்குள் ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்துக்கொண்டு போவார்களே, அப்படி. ஓரிடத்தில் அப்பாவுக்கு மூச்சு அறுந்தது. மில் வேலையில் பஞ்சு தின்ற நெஞ்சு. அத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை. விரலை எடுக்காமல் அதே சுரத்தைப் பிடித்துக்கொண்டு, அவர் மூச்சு திரும்பும்வரை அங்கேயே நின்றாள். அப்பா வந்து சேர்ந்துகொண்டதும் இரண்டும் மேலே நடந்தன. முடிந்ததும் மாரியம்மன் கோவில் தெருக்காரர்கள் கைதட்டினார்கள். கோவிலுக்குள் தட்டக்கூடாது என்று உபதேசியார் முறைத்ததில், தட்டிய கைகள் அப்படியே கும்பிடாக மாறின.

எல்லோரும் வெளியே பொங்கல் வாங்கப் போனார்கள். அப்பா குழலைத் துணியில் சுற்றிக்கொண்டு இறங்கிவிட்டார். அத்தை ஆர்கனுக்கு உறை போட்டபடி என்னைக் கூப்பிட்டாள்.

"பாப்பா, உங்கப்பாவக் கேளேன். கொழலு எத்தன கட்டைன்னு."

"வாசிச்சு முடிச்சாச்சே அத்தை. இனிமே எதுக்கு?" என்று சொல்லிவிட்டுப் பொங்கலுக்கு ஓடினேன்.

வீடு திரும்பும்போது அப்பா சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தார். அத்தைக்கு மறதி வந்துவிட்டது என்று நான் அவருக்குக் கதை சொல்லிக்கொண்டு வந்தேன். சட்டென்று நின்றார்.

"முடிஞ்ச பொறவும் கேட்டுதா?"

"ஆமா."

"நீ இன்னா சொன்ன?"

"இனிமே எதுக்குன்னேன்."

அப்பா கோவில் பக்கம் திரும்பிப் பார்த்தபடி நின்றார். சைக்கிளில் செயின் கழன்றுவிட்டதாக்கும் என்று நான் குனிந்து பார்த்தேன்.