கடல் தாண்டிக் காப்பாற்றிய பல்

ஒன்பது வயதில் நான் நம்பியதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சிரித்து முடித்துவிட்டு மேலே படிக்கலாம். என் கன்னத்துக்கும் மூளைக்கும் நடுவே கடல் இருக்கிறது, அதில் ஃபெர்ரி ஓடுகிறது, அது நின்றுபோனால் கன்னம் பட்டினியில் செத்துவிடும். இவ்வளவுதான். இந்த ஞானத்தை எனக்கு அளித்தவள் என் அக்கா.

அக்கா அப்போது பன்னிரண்டாம் வகுப்பு. டாக்டராகப் போகிறேன் என்று பயாலஜி புத்தகத்தைச் சோற்றுத் தட்டுக்குப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டிருப்பாள். நான் கீழ்க் கடைவாயில் ஒரு சொத்தைப் பல்லை வைத்துக்கொண்டு எங்கள் பேட்டையான டெய்ரி ஃபார்ம் முழுக்கக் கேட்கும்படி அலறிக்கொண்டிருந்தேன். பால் பல்தானே, பிடுங்கிவிடலாம் என்றார்கள். முடியாது என்றேன். அப்பா மிரட்டிப் பார்த்தார், அம்மா கெஞ்சிப் பார்த்தாள். "என் பல்லு. நான் வச்சுக்கிறேன்" என்பதுதான் என் ஒரே வாதம். இத்தனை வயதுக்குப் பிறகும் அதில் எனக்கு ஒரு ஓட்டையும் தெரியவில்லை. ஓட்டை பல்லில்தான் இருந்தது.

கடைசியில் மாமா வந்தார். "சும்மா காட்டிட்டு வருவோம்டா மாப்ளே. புடுங்குறேன்னு சொன்னா நானே உன்னயத் தூக்கிட்டு ஓடியாந்துர்றேன்." நம்பிப் போனேன். அக்காவும் புத்தகத்தோடு கூட வந்தாள்.

எங்கள் தீவின் படகுத்துறையான சாத்தம் ஜெட்டிக்குப் பக்கத்தில் இருந்தது அந்தப் பல் டாக்டரின் அறை. பெங்காலிக்காரர். மலை மாதிரி உடம்பு, பூனைக்குட்டி மாதிரி குரல். "குச் நஹி ஹோகா பேட்டா" என்றார். ஒன்றும் ஆகாதாம். சொல்லி முடிக்கும் முன்பே ஈறில் ஊசி இறங்கிவிட்டது. மரத்துப்போகட்டும் என்று வெளியே பெஞ்சில் உட்காரவைத்தார்கள்.

"அக்கா, என் உதட்டக் காணோம்."

"இருக்கு. மரத்துப்போச்சு."

"ஏன்?"

புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள். "நரம்புன்னா பல்லுலேர்ந்து மூளைக்கு ஒரே ஒயர்னு நெனச்சியா? இல்லடா. செல் செல்லா இருக்கும். ஒரு செல்லுக்குள்ள சேதி கரண்டு மாதிரி ஓடும். ஆனா அடுத்த செல்லத் தொடாது, நடுவுல துளியூண்டு எடைவெளி. நம்ம ரோடு இந்த ஜெட்டியோட முடிஞ்சு, ஃபெர்ரி ஏறி பேம்பூ ஃப்ளாட் போனாத்தான மறுபடி ரோடு? அதேதான். கரண்டு கரைக்கு வந்ததும் செல்லு ஒரு ரசாயனத்தக் கொட்டும். அது அந்தக் கரையில போய் ஒட்டினாத்தான் அடுத்த செல்லுக்குச் சேதி தெரியும்."

"இப்ப ஃபெர்ரி கேன்சலா?"

"அப்டி வச்சுக்க."

இந்த 'அப்டி வச்சுக்க'தான் என்னைக் கெடுத்தது. ஊசி மருந்து ஃபெர்ரியை நிறுத்துவதில்லை. ரோட்டில் இருக்கிற கேட்டுகளைச் சாத்திவிடுகிறது, சேதி ஜெட்டிக்கே வந்து சேராது, கொஞ்ச நேரத்தில் கேட்டு தானாகத் திறந்துகொள்ளும். இவ்வளவையும் சொல்ல அவளுக்குச் சோம்பல். தீவில் பிறந்த பிள்ளைக்குக் கேன்சல் என்றால் என்னவென்று தெரியாதா? தெற்குக் கோடித் தீவில், கேம்பல் பேயில் இருந்த பெரியப்பா வீட்டில், கப்பல் வராத நாட்களில் வெறும் பருப்பைத் தின்றே முகம் மஞ்சளாகிவிட்டது என்பார்கள். என் கன்னம் எத்தனை நாள் தாங்கும்?

உள்ளே கூப்பிட்டார்கள். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன். டாக்டர் அழுத்தினார், ஆட்டினார். பக்கத்து வீட்டில் யாரோ பீரோவை நகர்த்துகிற மாதிரி இருந்தது, வலியே இல்லை. ஏதோ தட்டில் 'டங்' என்று விழுந்தது. குறடு தேடுகிறார், சரியானது கிடைக்கவில்லை என்று புரிந்துகொண்டேன். வாயில் பஞ்சைத் திணித்து, கடித்துக்கொண்டு வெளியே உட்காரச் சொன்னார். மாமா அவரோடு பேசிக்கொண்டு உள்ளேயே நின்றுவிட்டார்.

கதவுக் கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்தேன். சிரித்துப் பார்த்தேன். ஒரு பக்கம் மட்டும்தான் சிரித்தது.

"அக்கா, ஃபெர்ரி எப்ப வரும்?"

"வெதர் சரியானா வரும்" என்று பக்கத்தைப் புரட்டினாள்.

ஓடினேன். அடுத்த தடவை உள்ளே கூப்பிட்டால் குறடுதான். போதாததற்கு மாமா கட்சி மாறிவிட்டார். ஜெட்டியில் ஃபெர்ரி கிளம்பத் தயாராக நின்றது. ஏதோ ஒரு குடும்பத்தின் பிள்ளை மாதிரி நுழைந்து, ஒரு லாரிக்கும் ஸ்கூட்டருக்கும் நடுவே போய் நின்றேன். கடைசி நொடியில் மாமாவும் அக்காவும் மூச்சிரைக்க ஏறினார்கள்.

இனி ஓட இடமில்லை. சுற்றிலும் தண்ணீர். ஆகவே வீரனானேன்.

"நஹி தூங்கா! பல்லத் தர மாட்டேன்! எவன் வந்தாலும் தர மாட்டேன்!" பஞ்சு அடைத்த வாயோடு, இந்தி, தமிழ் என்று இரண்டு பாஷையில் முழங்கினேன். ஒரு கை லாரியைப் பிடித்துக்கொண்டிருந்தது. இன்னொரு கை, கன்னம் செத்துவிடாமலிருக்க அதைத் தேய்த்தபடியே இருந்தது. வாயெல்லாம் உப்புக் கரித்தது. கடல் காற்று என்று நினைத்துக்கொண்டேன்.

மீன் கூடையோடு நின்ற ஒரு தெலுங்கு அம்மா, "க்யா ஹுவா இஸ்கோ?" என்று பயந்து கேட்டாள். இவனுக்கு என்ன ஆச்சாம்.

"ஆசாதி கி லடாயி ஹை, தீதி" என்றார் மாமா. சுதந்திரப் போராட்டமாம்.

அக்கா என்னைப் பிடிக்க வந்தாள். மாமா அவள் காதில் ஏதோ சொன்னார். அவள் வாயைப் பொத்திக்கொண்டு கடலைப் பார்க்கத் திரும்பிவிட்டாள். தோள் மட்டும் குலுங்கியது. பாவம், என் நிலைமையைப் பார்த்து அழுகிறாள் என்று எனக்கு வீரம் இன்னும் ஏறியது.

"அப்ப புடுங்கவே விட மாட்டியா மாப்ளே?"

"உசுரே போனாலும் விட மாட்டேன்!"

"பேச்சு மாற மாட்டியே?"

"மாட்டேன்!"

"சரி, நீ செயிச்சிட்ட. இனிமே அந்தப் பல்ல ஒருத்தனும் புடுங்க மாட்டான். நான் பொறுப்பு." அக்கரையில் இறங்கியதும் பஞ்சை அவரே எடுத்து, என் கண்ணில் காட்டாமல் எறிந்தார். ஐஸ்கிரீம் வாங்கித் தந்தார். சிரிக்கிற பக்கத்தால் தின்றேன். அக்காவுக்கும் ஒன்று கிடைத்தது. அவளால்தான் சாப்பிட முடியவில்லை, புரையேறிக்கொண்டே இருந்தது.

வீட்டு வாசலில் நின்று, டாக்டரே தோற்றுவிட்டார் என்று அறிவித்தேன். அப்பா மாமாவைப் பார்த்தார். மாமா மின்விசிறியைப் பார்த்தார்.

பல் என் வாயில் இல்லை. நான் ஓட ஆரம்பிப்பதற்கு முன்பே டாக்டர் அதைப் பிடுங்கிவிட்டார். காகிதத்தில் மடித்து, மாமாவின் சட்டைப் பையில், அதே ஃபெர்ரியில் போய்வந்திருந்தது.