ஆசான் மனைவிக்கு வலிக்காது

2004ஆம் வருடம், கடல் ஊருக்குள் ஏறி வந்த அந்த டிசம்பருக்குச் சில மாதங்கள் முன்பு, ஒரு காலையில் எனக்குக் கை மடங்கவில்லை. தைலம் காய்ச்சும் உருளியில் துடுப்பைப் பிடித்துக் கிளற வேண்டும். விரல்கள் துடுப்பைச் சுற்றி வர மறுத்துவிட்டன. வெந்நீரில் முக்கி வைத்துக்கொண்டு நின்ற பிறகுதான் வழிக்கு வந்தன.

கடலுக்கு முன்பு என்று அழுத்திச் சொல்ல ஒரு காரணம் உண்டு. பிற்பாடு நாகர்கோவிலில் ஒரு டாக்டர், "கடல் வந்தப்போ ரொம்பப் பயந்துட்டீங்களா?" என்று கேட்டார். நான் இருப்பது சுசீந்திரம் பக்கம், வயல்களுக்கு நடுவில். கடல் எங்கள் வாசலுக்கு வரவுமில்லை, என் வலி கடலுக்காகக் காத்திருக்கவுமில்லை. நோவு என்று ஒரு பெண் போய் நின்றால், அவள் எதற்குப் பயந்தாள், யாரோடு சண்டை போட்டாள் என்றுதான் முதலில் துருவுகிறார்கள். தீராத வலியோடு இதை வாசிக்கும் உங்களில் பலருக்கும் நடந்திருக்கும். அந்தக் கோபத்தோடுதான் எழுதுகிறேன். அதை ஆற்றிக்கொள்ளும் உத்தேசமும் எனக்கில்லை.

என் கணவர் வர்ம ஆசான் (உடம்பின் வர்ம இடங்களை அழுத்தியும் தடவியும் வைத்தியம் செய்பவர்). வீட்டின் முன்னறைதான் வைத்தியசாலை. தென்னையிலிருந்து விழுந்தவர், பைக்கில் சரிந்தவர், கழுத்துப் பிடித்துக்கொண்டவர் என்று காலையிலேயே பெஞ்சு நிறைந்துவிடும். தைலம் காய்ச்சுவதும் மருந்து எடுத்துக் கொடுப்பதும் என் பாடு.

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் இருந்தது. ஆசான் அழுத்தும்போது சத்தம் போடக் கூடாது. பல்லைக் கடித்து, மூச்சை அடக்கிக் கிடக்க வேண்டும். கத்தினால் தசை இறுகிவிடும், கைக்கு இடம் பிடிபடாது என்பார். முறுக்கு மீசைக்காரர்கள்கூட அந்தக் கட்டிலில் 'அம்மா' என்று முனகியதில்லை. அப்படியிருக்க ஆசானின் மனைவி கத்தலாமா? திரைக்கு அந்தப் பக்கம் பெஞ்சு நிறைய ஆட்கள். 'ஆசானுக்க பொண்டாட்டிக்கே நோவு மாறல்ல, நமக்கு எங்க மாறப் போவுது' என்று ஒருவன் எழுந்துபோனால் போதும். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா?

அவர் என் விரல்களுக்கு எண்ணெய் இட்டு நீவினார். "சொகம் உண்டா?" என்று கேட்டார். "உண்டு" என்றேன். தினமும் இதே கேள்வி, இதே பதில்.

கோட்டாறில் வாழ்க்கைப்பட்டிருந்த என் நாத்தனார் சரசு ஒருநாள் வந்தவள் என் கையைப் பார்த்துவிட்டாள். "மைனி, இது என்ன வெரலா, முத்திப்போன வெள்ளரிக்காயா? அண்ணன்கிட்ட ஒண்ணும் கேக்காண்டாம், நீங்க பொறப்படுங்க" என்று என்னை நாகர்கோவிலுக்கு இழுத்துப் போனாள். ரத்தம் எடுத்தார்கள். முடக்குவாதம் (ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ்: உடம்பின் எதிர்ப்புச் சக்தி தன் மூட்டுகளையே தாக்கும் நோய்) என்று சொன்னார்கள். வாரத்துக்கு ஒருமுறை மெத்தோட்ரெக்சேட் (அந்தத் தாக்குதலை அடக்கும் மருந்து) தொடங்கியது. என் கணவர் முகம் சுளித்தார், ஆனால் தடுக்கவில்லை.

சில மாதங்களில் வீக்கம் வடிந்துவிட்டது. மோதிரம் மறுபடியும் விரலில் ஏறியது. சரசு கோயிலில் தேங்காய் உடைத்தாள்.

ஆனால் வீக்கம் போன பிறகுதான் என் வலி வளர்ந்தது. கழுத்து, தோள், முதுகு, இடுப்பு, முழங்காலின் உள்பக்கம் என்று மூட்டே இல்லாத இடங்களிலெல்லாம் பரவியது. சேலை முந்தானை தோளில் கிடப்பதே பாரமாக இருந்தது. தூங்கி எழுந்தாலும் தூங்கின மாதிரியே இருக்காது, யாரோ அடித்துத் துவைத்துப் போட்டது போலக் கிடப்பேன். கடுகு எடுக்க அடுக்களைக்குள் போய், எதற்கு வந்தேன் என்று மறந்து நிற்பேன்.

பரிசோதனையில் எல்லாம் நன்றாக இருந்தது. இ.எஸ்.ஆர். (ரத்தச் சிவப்பணுக்கள் படியும் வேகம், அழற்சி இருந்தால் கூடும்) ஒழுங்காக இருந்தது. டாக்டர் தாளைப் பார்த்தால் நோய் அடங்கியிருந்தது, என்னைப் பார்த்தால் அடங்கவில்லை. அவர் மருந்தின் அளவைக் கூட்டினார். பிறகு ஸ்டீராய்டு சேர்த்தார். என் முகம் பன்ரொட்டியாக உப்பியது. ஈரலின் பரிசோதனை முடிவு தாறுமாறானது. வலி ஒரு இம்மிகூட அசையவில்லை. கடைசியில் அவரே கையை விரித்து, திருவனந்தபுரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார்.

அது 2007 என்று நினைக்கிறேன். அங்கே இருந்த பெரிய டாக்டரும், அவருக்குக் கீழே டாக்டர் ஜெனிட்டா என்ற இளம் பெண்ணும் ஒரு ஆராய்ச்சி நடத்திக்கொண்டிருந்தார்கள். முடக்குவாதம் அடங்கிய பிறகும் வலி போகாதவர்களைப் பற்றிய ஆராய்ச்சி. ஜெனிட்டா நம்ம முட்டத்துக்காரி. என் பேச்சைக் கேட்டதும் அவளும் ஊர்ப் பேச்சுக்கு இறங்கிவிட்டாள் (சூக்கேடு என்றால் எங்கள் ஊரில் நோய்).

"அக்கா, மூட்டுல உள்ள சூக்கேடு அடங்கிட்டுன்னு ரத்தம் சொல்லுகு. நோவு மட்டும் போவல்ல. இது அதே சூக்கேட்டுக்க நோவா, இல்ல அதுக்க மேல ஏறியிருக்க வேற ஒண்ணான்னு பாக்கணும்."

"வேற ஒண்ணுன்னா?"

"ஃபைப்ரோமயால்ஜியா."

(மூட்டில் வீக்கமோ சேதமோ இல்லாமல் உடம்பு முழுக்கப் பரவும் நீடித்த வலி. கூடவே களைப்பு, தூக்கக் கேடு, மறதி. நரம்பும் மூளையும் வலியைப் பெரிதாக்கி உணர்கின்றன என்கிறார்கள். தனியாகவும் வரும், முடக்குவாதம் போன்ற நோய்களோடு ஒட்டிக்கொண்டும் வரும்.)

"மூட்டு சூக்கேடுன்னா இன்னும் ஒரு மருந்து சேக்கணும். மத்ததுன்னா அந்த மருந்தால ஒரு பிரயோசனமும் இல்ல, ஈரலுதான் கெடும். ஒங்களுக்கு ஏற்கெனவே ஈரல் கோளாறு காட்டுகு. அதுனால இது தெரியணும், அக்கா" என்றாள்.

அந்தக் காலத்தில் இதைக் கண்டுபிடிக்க ஒரு முறை இருந்தது. உடம்பில் குறித்த பதினெட்டு இடங்களில், அழுத்துகிறவரின் நகம் வெளுக்கும் அளவுக்குப் பெருவிரலால் அழுத்துவார்கள். பதினொரு இடத்திலாவது வலித்தால் ஃபைப்ரோமயால்ஜியா.

ஜெனிட்டா அழுத்தும்போது என் கணவர் பக்கத்திலேயே நின்றார். அவருக்கு ஒரே உற்சாகம். "நம்ம எடமெல்லாம் இவளும் தொடுதா பாத்தியா" என்று என் காதில் சொன்னார். சில இடங்கள் அருகருகே வருகின்றன என்பதைத் தவிர வர்ம இடங்களுக்கும் இந்தப் பதினெட்டுக்கும் சம்பந்தமில்லை. ஆனால் என் உடம்புக்கு அது தெரியவில்லை. பிடரிக்குக் கீழே பெருவிரல் இறங்கியதும் பழக்கப்பட்ட மாடு நுகத்துக்குக் கழுத்து நீட்டுவதுபோல, பல் தானாகக் கடித்துக்கொண்டது. மூச்சு நின்றது.

"நோவுதா அக்கா?"

"இல்ல."

தோளில் அழுத்தினாள். உயிர் போயிற்று. "இல்ல." இடுப்பில். "இல்ல." முழங்காலில் மட்டும் கால் துள்ளிவிட்டது, அதை மறைக்க முடியவில்லை.

பெரிய டாக்டர் ஜெனிட்டா குறித்த எண்ணிக்கையைப் பார்த்தார். ஃபைப்ரோமயால்ஜியா இல்லை, மூட்டு நோயின் வலிதான், புதிய மருந்தைச் சேர்த்துவிடலாம் என்று எழுதிக் கொடுத்தார்.

திரும்பும் பஸ்ஸில் என் கணவர் ஏதோ பரிசு வாங்கினவர் மாதிரி இருந்தார். களியக்காவிளை தாண்டும்போது சொன்னார்: "அந்தப் பக்கத்துக் கட்டில்ல ஒருத்தி என்ன கூப்பாடு போட்டா. நீ ஒரு சத்தம் விடல்லியே. ஆசானுக்க பொண்டாட்டின்னு காட்டிட்ட ஏட்டி."

எனக்குள் என்னவோ அறுந்தது.

"எனக்கு எல்லா எடத்துலயும் நொந்துது" என்றேன்.

"என்னது?"

"எல்லா எடத்துலயும். தொட்ட எடமெல்லாம் நொந்துது. இன்னைக்கு மட்டுமில்ல, மூணு வருசமா நோவுது. நீங்க எண்ணெ போட்டு தடவும்போதும் நோவுது."

"பின்ன எதுக்கு அவகிட்ட இல்லன்ன? எங்கிட்டயும் சொகம் உண்டுன்னுதான சொன்ன?"

"ஒங்க வீட்டுல வேற எதச் சொல்லலாம்? சொல்லுங்க பாப்பம், வேற எதச் சொல்லலாம்?"

முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். பார்க்கட்டும் சவம் என்று இருந்தது எனக்கு. தக்கலை வந்ததும் என் கணவர் மருந்துச் சீட்டை எடுத்து மடித்தார். பிறகு மெதுவாக, "அந்தப் புது மருந்து வேண்டாம். நாளைக்குத் திரும்பப் போவோம். நானும் வாறேன்" என்றார்.

"நீங்க வந்தா எனக்கு வாய் வராது. நான் தனியாப் போறேன்."

மறுநாள் போனேன். ஜெனிட்டா திகைத்தாள். "நேத்து இல்லன்னியளே அக்கா?" என்றாள். எங்கள் வீட்டு வழக்கத்தைச் சொன்னேன். முதலில் சிரித்தாள், பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. என்னை உட்கார வைத்துவிட்டுப் பெரிய டாக்டரைக் கூட்டி வந்தாள்.

அவர் தயங்கினார். முந்தின நாள் விடையை மறுநாள் மாற்றினால் ஆராய்ச்சிக் கணக்கில் எடுக்க முடியாதாம். "ஒங்க கணக்குல என்னச் சேக்காண்டாம் சார். தின்னப் போறது நான், கெடப் போறது எனக்க ஈரலு. எனக்காக ஒருதடவ அமுக்கிப் பாருங்க" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. அவர் கையைக் கழுவிக்கொண்டு வந்தார்.

"எங்க முட்டத்துல மீன் ஏலத்துக்குக் கூவுத மாரி கூவுங்க அக்கா. இங்க ஆசான் இல்ல" என்றாள் ஜெனிட்டா.

கூவினேன். பிடரியில் கூவினேன், தோளில் கூவினேன், இடுப்பில் அவர் கையைத் தட்டியே விட்டுவிட்டேன். வராந்தாவில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். நடுவில் அவர் நெற்றியிலும் கட்டைவிரல் நகத்திலும் அழுத்தினார். "அங்க நோவல்ல" என்றேன். அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அவை அந்தப் பதினெட்டில் சேராத இடங்கள். எங்கே தொட்டாலும் கத்துகிறேனா என்று சோதித்துப் பார்க்கத்தான் அழுத்தினாராம்.

"ரெண்டும் இருக்கு. புது மருந்து வேண்டாம்" என்றார்.

அழுதேன். வலிக்காக அல்ல. ஒருவர் என்னை நம்பிவிட்டார் என்பதற்காக.

ஸ்டீராய்டைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்தினார்கள். மெத்தோட்ரெக்சேட் பழைய அளவுக்கு இறங்கியது, ஈரலும் சமாதானமானது. தூக்கத்துக்கும் வலிக்குமாக அமிட்ரிப்டிலின் (மனச்சோர்வுக்குத் தருவது, குறைந்த அளவில் நரம்பு வலியைத் தணிக்கும்) கொடுத்தார்கள். பைய நடக்கச் சொன்னார்கள். உங்களுக்கும் இதே மருந்து வேண்டும் என்று நான் சொல்லவில்லை, அது உங்கள் டாக்டர் பாடு. நான் சொல்வது ஒன்றுதான்: முடக்குவாதம் அடங்கியும் வலி அடங்கவில்லை என்றால், மருந்தைக் கூட்டுவதற்கு முன்னால், இரண்டாவதாக ஒன்று இருக்கிறதா என்று கேளுங்கள். கேட்டால் யாரும் உங்களைத் தூக்கில் போட மாட்டார்கள்.

அந்த ஆராய்ச்சியின் முடிவில் நான் இல்லை. என்னைப் போலப் புருஷன் முன்னால், மாமியார் முன்னால் 'இல்ல' என்று சொன்ன எத்தனை பெண்கள் அதில் வலிக்காதவர்களாக நிற்கிறார்களோ. அதற்காகத்தான் இங்கே எழுதுகிறேன்.

வீட்டில் நடந்ததையும் சொல்ல வேண்டும். அந்த வாரமே ஒருநாள், பெஞ்சில் ஆட்கள் இருக்க, மேல்தட்டிலிருந்து தைலக் குப்பியை எடுக்கக் கையைத் தூக்கினேன். தோளில் வெட்டிற்று. "அய்யோ" என்று வாய்விட்டுக் கத்திவிட்டேன். முழங்கால் வலிக்கு வந்திருந்த ஒரு பெரியவர், "ஆசானே, வீட்டம்மைக்கு என்ன?" என்றார்.

என் கணவர் என்னைப் பார்த்தார். 'ஒண்ணுமில்ல' என்று மட்டும் இவர் சொல்லட்டும், இன்றைக்கே பெட்டியைக் கட்டிக்கொண்டு போய்விடுவேன் என்று நினைத்துக்கொண்டேன். வெறும் பேச்சுக்கு அல்ல, மெய்யாகவே.

"அவளுக்கு மேலு முழுக்க நோவு. எனக்க கைக்கு அடங்கல்ல. திருவனந்தரத்துல காட்டுகு" என்றார்.

 பெஞ்சு ஓரத்தில் இருந்தவர் செருப்பை மாட்டிக்கொண்டு போனார். "போட்டும்" என்று சொல்லிவிட்டு என் கணவர் அடுத்த ஆளைக் கட்டிலில் ஏறச் சொன்னார். அன்று நான் எண்ணெய் கிளறவில்லை. அவர்தான் கிளறினார், பாதியைக் கரியாக்கினார், நானும் வாய் ஓயாமல் திட்டினேன்.

சில வருடங்களுக்குப் பிறகு, 2011இல் இருக்கலாம், பரிசோதனைக்குப் போனபோது ஜெனிட்டா ஒரு செய்தி சொன்னாள். இடங்களை அழுத்தி எண்ணியே ஆக வேண்டும் என்பதைப் புதிய விதிகளில் விட்டுவிட்டார்களாம். எங்கெங்கே வலிக்கிறது, தூக்கம் எப்படி, களைப்பு எப்படி என்று வாயால் கேட்டாலே போதுமாம். "முன்னாலயே கேட்டிருந்தா என்ன கெட்டுப்போச்சு உங்களுக்கு?" என்று சண்டை பிடித்தேன். அவள் சிரித்துக்கொண்டே ரத்த அழுத்தம் பார்த்தாள், அது ஏறியிருந்தது.

வலி போகவில்லை. போகும் என்று யாராவது எழுதினால் நம்பாதீர்கள். முன்பு நாளைக்கு என்ன வேலை என்று இன்றே திட்டம் போடுவேன். இப்போது நாளையைப் பற்றி யாருக்கும் வாக்குக் கொடுப்பதில்லை. காலையில் கண் விழித்ததும் படுத்தபடியே கழுத்திலிருந்து கால்வரை ஒரு சுற்றுப் போய்ப் பார்த்து வருகிறேன். தோள் தகராறு செய்தால் தோளுக்கு விடுமுறை, உருளிக்கும் விடுமுறை. நல்ல நாளில் சாயங்காலம் வரப்போரம் நடந்து, கால் சொல்லும் இடத்தில் திரும்பிவிடுவேன். வாழ்க்கை மெதுவாகிவிட்டது, ஆனால் இப்போதுதான் அது என்னுடையது போலிருக்கிறது.

முன்னறை வழக்கம் முழுக்க மாறிவிடவில்லை. மீசைக்காரர்கள் இன்றும் பல்லைக் கடித்துத்தான் கிடக்கிறார்கள், அது அவர்கள் பாடு. ஆனால் தினமும் காலையில் ஆசான் அங்கிருந்தே, பெஞ்சு முழுக்கக் கேட்கும்படி, "இன்னைக்கு எப்படிட்டி, நோவுண்டா?" என்று கேட்கிறார். "உண்டு" என்று நானும் உரக்கச் சொல்கிறேன். சில நாள் எங்கெங்கே என்றும் சொல்வேன்.

போன வாரம் ஒருநாள் அவர் கேட்டதும், "இல்ல" என்றேன்.

எண்ணெய்க் கையோடு திரையை விலக்கிக்கொண்டு உள்ளே வந்துவிட்டார். என் முகத்தையே பார்த்தார்.

"நெசமாட்டா?"

"நான் இல்லன்னா இல்லதான். போய் வேலயப் பாருங்க."