பைபிள் உறைக்குள் ஒளித்த பொட்டலம்

பிரியமானவர்களே, என் மகள் பிரின்சிக்கு ஐந்து வயதில் முதல் வலிப்பு வந்தது. அது 2005. பள்ளிக்கூடத்தில் காலையில் வரிசையில் நின்றவள் அப்படியே சாய்ந்துவிட்டாள். நான் ஓடிப் போய்ப் பார்த்தபோது டீச்சர்கள் அவள் கையில் சாவிக்கொத்தைத் திணித்திருந்தார்கள். வாயோரம் நுரை. கண் எங்கேயோ பார்க்கிறது. ஐயோ, அந்தப் பார்வையை எந்தத் தாயும் பார்க்கக் கூடாது.

நாங்கள் இருப்பது கவரைப்பேட்டை. என் கணவருக்குக் கும்மிடிப்பூண்டியில் ஒரு இரும்புக் கம்பி கம்பெனியில் ஷிஃப்ட் வேலை. இரும்பைப் பிடித்தால் வலிப்பு நிற்கும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, கம்பித் துண்டுகளாகக் கொண்டுவந்து வீடு முழுக்கப் போட்டார். தலையணைக்கு அடியில் ஒன்று, கக்கூஸ் வாசலில் ஒன்று. நான் கால் இடித்துக்கொண்டதுதான் மிச்சம்.

சென்னையில் அரசு ஆஸ்பத்திரியில் மாத்திரை கொடுத்தார்கள். வலிப்பு குறைந்தது, நிற்கவில்லை. பிள்ளை எந்நேரமும் தூங்கி வழிந்தாள். ஈறு வீங்கியது. நேற்றுப் படித்த எழுத்து இன்று மறந்தது. டாக்டரிடம் சொல்லியிருந்தால் மாற்றிக் கொடுத்திருப்பார்கள். நான் சொல்லவில்லை. மனசுக்குள்ளேயே மாத்திரையைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் ஒரு வைத்தியரைப் பற்றிக் கேள்விப்பட்டேன். ஆந்திரப் பக்கத்துக்காரர். அமாவாசைக்கு அமாவாசை வந்து ஸ்டேஷன் பக்கம் ஒரு அறையில் உட்காருவார். அமாவாசை என்றதும் எனக்கு உறுத்தியது. மருந்துதானே, பூஜை இல்லையே என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். நானும் என் கணவரும் போனால் தெருமுனை வரைக்கும் வரிசை. எல்லார் இடுப்பிலும் ஒரு பிள்ளை. தலை நிற்காத பிள்ளை, பேச்சு வராத பிள்ளை, என் பிள்ளை மாதிரிப் பிள்ளை. யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

"இந்த மருந்துக்கு ரோஷம் ஜாஸ்திம்மா," என்றார் வைத்தியர். "இங்கிலீஷ் மாத்திர ஒடம்புல இருந்தா இது நிக்காது, பூடும். கருவாடு, கத்திரிக்கா கூடாது. முக்கியமா, பொடி குடுக்கறத ஒருத்தராண்டயும் சொல்லக் கூடாது. சொன்னா பலிக்காது."

மாத்திரையை அன்றே நிறுத்தினேன். பொடியைத் தேனில் குழைத்துக் கொடுத்தேன். பொட்டலங்களை என் பைபிளின் ஜிப் உறைக்குள் ஒளித்தேன். அதை வீட்டுக்கு வந்து போகிறவர்கள் யாரும் தொடமாட்டார்கள்.

நாலு மாதம் ஒரு வலிப்பு இல்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை சபையில் மைக்கைப் பிடித்து, "மாத்திரையெல்லாம் தூக்கிப் போட்டேன், கர்த்தர் என் பிள்ளையைச் சுகமாக்கினார்" என்று சாட்சி சொன்னேன். பொடியைப் பற்றி மூச்சு விடவில்லை. சபையே கை தட்டியது.

அடுத்த அமாவாசைக்குப் போனால் அறை பூட்டிக் கிடந்தது. "அந்த ஆளு காலி பண்ணிக்கினு போய்ட்டாரும்மா," என்றார் டீக்கடைக்காரர். கையில் இருந்த பொடி இரண்டு நாளில் தீர்ந்தது. நாலாம் நாள் காலை, பல் தேய்க்கும்போது பிரின்சி விழுந்தாள். எப்போதும் இரண்டு நிமிடத்தில் நிற்கும். அன்று நிற்கவில்லை. ஆட்டோவில் இழுத்தது, ஆம்புலன்ஸில் இழுத்தது, சென்னையில் ஆஸ்பத்திரி வாசலிலும் இழுத்துக்கொண்டிருந்தது. உதடு நீலமாகிவிட்டது.

"ரெகுலரா மாத்திரை குடுக்கிறீங்களாம்மா?" என்று ஒரு பெண் டாக்டர் கேட்டார்.

"குடுக்கறேன் மேடம்."

"வேற நாட்டு மருந்து ஏதாவது?"

"இல்ல மேடம்."

பச்சைப் பொய். தெருவில் யாராவது ஒரு வார்த்தை சொன்னால் ஒன்பது வார்த்தை திருப்பிச் சொல்கிறவள் நான். அன்று உண்மை மட்டும் வாயில் வரவில்லை. சொன்னால் மருந்து பலிக்காமல் பிள்ளை போய்விடுமோ என்ற பயம் ஒரு பக்கம். அப்படிச் சாட்சி சொல்லிவிட்டு எந்த முகத்தோடு சபைக்குப் போவேன் என்ற வெட்கம் ஒரு பக்கம்.

என் கணவர் கம்பெனி யூனிஃபார்மோடு ஓடிவந்தார். "டாக்டராண்ட பொடியப் பத்தி சொல்லிட்டியா?"

"இல்ல. சொன்னா பலிக்காதுன்னாரே."

"புள்ள நீலம் பூத்துக் கெடக்குது, இனிமே இன்னாடி பலிக்கப் போவுது?" என்று சுவரில் சாய்ந்து அழுதார். ஆனால் அவரும் உள்ளே போய்ச் சொல்லவில்லை. அவருக்கும் அதே பயம்.

ஊசி மேல் ஊசி போட்டார்கள். நிற்கிற மாதிரி நின்று மறுபடியும் இழுத்தது.

ஜெபிக்கலாம் என்று பைபிளை எடுத்து ஜிப்பைத் திறந்தேன். கடைசிப் பொட்டலத்தின் காகிதம் உள்ளே இருந்தது, மடிப்பில் ஒட்டிய பொடியோடு. அதைப் பார்த்துக்கொண்டு என்னால் சுகம் கேட்க முடியவில்லை. "ஆண்டவரே, நான் பொய்க்காரி. என் பயத்தை எடுத்துப் போடும். என் வாயைத் திறந்துவிடும்" என்றுதான் கேட்க முடிந்தது. ஆமென் சொன்னேனா என்றுகூடத் தெரியாது. எழுந்து போய் அந்தக் காகிதத்தை டாக்டரிடம் நீட்டினேன்.

"மேடம், நாலு மாசமா மாத்திர குடுக்கல. இதத்தான் குடுத்தேன். பொய் சொல்லிட்டேன் மேடம்."

அடித்துவிடுவார் என்று நினைத்தேன். அவர் திட்டக்கூட இல்லை. "இந்த மாதிரிப் பொடியில வலிப்பு மாத்திரையையே இடிச்சுக் கலந்து குடுக்கிற ஆளுங்க உண்டும்மா. அதான் நாலு மாசம் நின்னிருக்கு. திடீர்னு நிறுத்தினதும் விடாம வருது. இப்பவாவது சொன்னீங்களே," என்று உள்ளே ஓடி மருந்தை மாற்றினார்.

மதியத்துக்குள் இழுப்பு நின்றது. மறுநாள் பிரின்சி கண் திறந்து என்னைப் பார்த்தாள். "யம்மா, கருவாடு குடு," என்றாள். நர்ஸ் சிரித்துவிட்டார். நான் தேம்பித் தேம்பி அழுதேன். பிறகு அந்தக் காகிதத்தைச் சோதித்ததில் டாக்டர் சொன்னது சரியாக இருந்தது.

இப்போது வேறு மாத்திரை. பழைய தூக்கம் இல்லை. எப்போதாவது ஒரு வலிப்பு வருகிறது, நான் இன்னும் பயப்படுகிறேன். ஆனால் எதையும் மறைப்பதில்லை. ஸ்தோத்திரம்.

ஆஸ்பத்திரியில் சொன்னதைவிடச் சபையில் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. வீட்டுக்கு வந்த அடுத்த ஞாயிறே மறுபடியும் மைக்கைப் பிடித்து எல்லாவற்றையும் சொன்னேன். யாரும் கை தட்டவில்லை. பெண்கள் பக்கத்திலிருந்து, தையல் வேலை செய்யும் எஸ்தர் எழுந்து நின்றாள். முகம் வெளிறிப் போயிருந்தது.

"அக்கா, நீ அன்னிக்கு சொன்னத கேட்டுக்கினு நானும் எம் பொண்ணுக்கு வலிப்பு மாத்திரைய நிறுத்திட்டேன்க்கா. மூணு வாரமாவுது."

ஆராதனை முடியும் முன்பே அவளையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு அதே டாக்டரிடம் போனேன். அந்தப் பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை. என் பொய்க்கு இன்னொரு பிள்ளை பலியாகாமல் கர்த்தர் காத்தார். அவர் எனக்குச் செய்ததிலேயே பெரியது அதுதான்.

பிரியமானவர்களே, அவரிடம் தைரியமாகக் கேளுங்கள். மாத்திரையைக் கொடுத்துக்கொண்டே கேளுங்கள். என் முதல் சாட்சியை நம்பி மாத்திரையை நிறுத்தியவர்கள் இன்னும் யாராவது இருந்தால், இதைப் படித்த கையோடு கிளம்புங்கள். தனியாகப் போகப் பயமாக இருந்தால் எங்கள் வீட்டுக்கு வாருங்கள், நான் கூட வருகிறேன்.